பால்காரச் சந்துக்கு மேலே நின்ற குண்டு

“காலையில நெழலு உனக்கு, மத்தியானத்துக்கு மேல நெழலு எனக்கு, இப்படிப் பேசினது யாரு? நீ. மாதா மேல சத்தியம் வெச்சது யாரு? நீ. இப்ப மத்தியானம் தாண்டியாச்சு. உன் தட்டு என் வாசல்ல என்ன மேயுது? ஏய், ஓட்டு, ஓட்டு, ஓட்டிட்டுப் போ!”

சைகோன் நகரத்துப் பால்காரச் சந்தில் கிழக்கு வரிசையில் அரிசி அப்பளம் ஊற்றி விற்கிற தியெப், நேரெதிர் வீட்டு ஒர்த்தான்ஸ் அம்மாளைப் பார்த்துக் கத்தியது இப்படித்தான், ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. தியெப் வியத்நாம்காரி. காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து மாடு வைத்துப் பால் ஊற்றிய அய்யாக்கண்ணுக்கு வாழ்க்கைப்பட்டு, அந்த மனுஷன் பெண்டாட்டியோடு பேசியதைவிட மாடுகளோடு பேசியதே அதிகம் என்பதால், அவர் மாடுகளோடு பேசிய தமிழையே கேட்டுக் கேட்டுக் கற்றவள், ஆகையால் அவள் வாயில் மனுஷர்கள் மேய்ந்தார்கள், முட்டினார்கள், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினார்கள், அய்யாக்கண்ணு காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மாடுகளையும் விற்றுத் தின்று தீர்த்த பிறகும் அந்தத் தமிழ் மட்டும் அவளிடம் கறவை வற்றாமல் நின்றது.

“சத்தியம் வெச்சது நெழலுக்கு, தட்டுக்கு இல்ல,” என்றாள் ஒர்த்தான்ஸ். “ஒரு மொறத்தளவு எடம். உன் சொத்து கரைஞ்சுடுமாடி?”

“கரையும்! காஞ்ச அப்பளத்தை நெழல்ல அடுக்கலன்னா வெடிக்கும். உனக்குத் தெரியாதா? வெடிச்ச அப்பளத்தை உன் புருஷன் வாங்குவானா?”

“எம் புருஷனை ஏண்டி இழுக்கிற? அவர் ரேடியோவைத் தவிர எதையும் வாங்க மாட்டார்.”

இவர்கள் அடித்துக்கொண்ட நிழல் மரத்துடையது அல்ல, மாடியுடையதும் அல்ல. சந்துக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு வெடிகுண்டின் நிழல். காலையில் அது மேற்கு வரிசையில் ஒர்த்தான்ஸ் வாசலில் விழும், மத்தியானத்துக்கு மேல் கிழக்கு வரிசையில் தியெப் வாசலில் விழும், நடுவில் உச்சிப்பொழுதில் சந்தின் நடுவே ரிக்‌ஷாக்காரர்களுக்கென்று கொஞ்ச நேரம் படுத்திருக்கும், இந்தப் பங்கீட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை, ஒர்த்தான்ஸ் தன் வடவத் தட்டைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் பின்னாலேயே தெருவைத் தாண்டத் தொடங்கிய நாள் வரைக்கும்.

அந்த வடவத்தைப் பற்றிச் சொல்லாமல் குண்டைப் பற்றிச் சொல்வது முறையாகாது, ஏனென்றால் வடவம்தான் முந்தியது. ஒர்த்தான்ஸ் புதுச்சேரிக்காரி, கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், நகத்தில் அழுக்கிருந்தால் விரலைக் குவித்து நீட்டச் சொல்லி விரல் நுனி மொட்டில் அளவுகோலால் அடிக்கிற பிரெஞ்சுச் சகோதரிகளிடம் வளர்ந்து, தான் அடி வாங்கியதற்கெல்லாம் உலகத்தைத் திருப்பி அடிக்கிற வாயோடு வெளியே வந்தவள். பெயர் சந்துக்காரர்களின் நாக்கில் நிற்காமல் ஒத்தாசை அம்மாவாகிவிட்டது, ஒத்தாசை கேட்டுப் போனவர்களுக்குத்தான் அந்தப் பெயர் எவ்வளவு பொருந்தாது என்று தெரியும். வருஷத்துக்கொரு முறை மழை விட்டு வெயில் நிலைத்ததும் அவள் சின்ன வெங்காயமும் பூண்டும் கொட்டிக் குவித்து, கடுகு உளுந்து வெந்தயம் மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, பகலெல்லாம் காயவைத்து, சாயங்காலம் உதிர்த்து மறுபடி பிசைந்து உருட்டி, மறுபடி காயவைத்து, கல்லாக இறுகும்வரை விடமாட்டாள். அதைத் தாளிக்காத குழம்பு அவளுக்குக் குழம்பே அல்ல, வெந்நீர்.

இந்த வருஷத்து வெங்காயத்தை இடித்தவன் அவள் ஒரே மகன் எமில். இடித்து முடித்து, கண்ணும் மூக்கும் ஒழுக, உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு முகம் கழுவ வாசலுக்கு வந்த பிள்ளையைத்தான் ஆள்பிடிக்கிற ஜீப் வந்து பிடித்தது. எமிலின் அப்பா லெயோன், வெளிநாட்டுக்காரர்கள் துணி விற்கக் கூடாது என்று இந்தத் தெற்குப் பாதியின் அரசாங்கம் சட்டம் போட்ட வருஷத்தில், துணிக்கடையை விட மனசில்லாமல் நாட்டையே மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு இந்நாட்டுப் பிரஜையானவர், கடை அடுத்த வருஷமே கரைந்துவிட்டது, பிரஜை மட்டும் மிச்சம், அந்தப் பிரஜையைத்தான் இப்போது வடக்குப் பாதியோடு சண்டை போட வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றிய சிப்பாய்கள், பாரு, அழுகிறான், அம்மா பிள்ளை என்று சிரித்தார்கள். வெங்காயம்டா, அது வெங்காயம், என் பிள்ளை அழவில்லை என்று ஒர்த்தான்ஸ் வியத்நாமியத்தில் கத்தினாள், பிரெஞ்சில் கத்தினாள், தமிழில் கத்தினாள், வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மகனை எடுத்துப் போனதைவிட அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு எமில் சொன்னது அவளுக்குக் கேட்டது: “அம்மா, இது காயறதுக்குள்ள வந்துடறேன்.”

அந்த வாரமே குண்டு வந்தது. உலை கொதிக்கிற நேரம். வானத்தில் விமானச் சத்தம் கேட்டது, அது தினமும் கேட்கிற சத்தம், காடு இருக்கிற பக்கத்திலிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டது, அதுவும் தினமும் கேட்கிற சத்தம், பிறகு தினமும் கேட்காத ஓர் ஊளை கேட்டது, சந்திலிருந்த அத்தனை பேரும் கட்டிலுக்கு அடியிலும் மேசைக்கு அடியிலும் பழைய மாட்டுக்கொட்டகையின் சாணிக்குழியிலும் புகுந்துகொண்டு, அவரவர் சாமியை அவரவர் மொழியில் கூப்பிட்டு, காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள், இன்னும் காத்திருந்தார்கள், ஒன்றும் வெடிக்கவில்லை, அடிப்பிடிக்கிற சோற்றின் வாசனைதான் வீடு வீடாக வந்தது. முதலில் வெளியே வந்தவள் ஒர்த்தான்ஸ். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். சந்துக்கு நேர் மேலே, மாதா கோவில் மணிக்கூண்டு உயரத்தில், மீன்பிடிப் படகு நீளத்துக்கு, மூக்கைச் சற்றே கீழே சாய்த்துக்கொண்டு குண்டு நின்றது.

“நிக்கிறதுன்னா ஓரமா நிக்கக் கூடாதா?” என்று சொல்லிவிட்டு அவள் சோற்றை இறக்க உள்ளே போனாள்.

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். முதல் சில நாள் எல்லோரும் சுவரோரமாக நடந்தார்கள், தும்மல் வந்தால் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள், பிறகு சுவரோரம் சாக்கடை இருந்ததால் நடுவிலேயே நடந்தார்கள், தும்மினார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் உச்சிவெயிலில் குண்டு நிழலில் வண்டியைப் போட்டுத் தூங்கினார்கள். சந்துமுனை நாவிதர் கண்ணாடியையும் நாற்காலியையும் நிழலுக்குத் தூக்கி வந்தார், தலையைக் குனிந்து காட்டச் சொன்னால் நிமிர்ந்து பார்க்கிறார்கள், காது அறுபடும் என்று அலுத்துக்கொண்டார். விலாசம் கேட்பவர்களுக்கு, குண்டு தாண்டி இடதுபக்கம் மூன்றாவது வீடு என்று வழி சொன்னார்கள். வியத்நாம் வீடுகளில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதற்கு ஊதுபத்தி ஏற்றினார்கள். தேவமாதா சுரூபம் பவனி வந்தபோது குண்டுக்கு அடியில் சாமியார் ஒரு கணம் தயங்கினார், ஒர்த்தான்ஸ் பின்னாலிருந்து, நடங்க சாமி, மெழுகு சொட்டுது என்றாள், பவனி நடந்தது. அதன் வால் சிறகுகளுக்கு நடுவே சிட்டுக்குருவிகள் வைக்கோல் செருகிக் குடும்பம் நடத்தின. சோறு இறங்காத பிள்ளைகளிடம், தின்னு, இல்லேன்னா அது இறங்கிடும் என்று தாய்மார்கள் மிரட்டினார்கள், பிள்ளைகள் தின்றார்கள், அந்த வருஷம் பால்காரச் சந்துப் பிள்ளைகள் நன்றாகவே சதைபோட்டார்கள்.

யாருடையது என்று விசாரிக்க இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தார்கள்.

அமெரிக்கர்கள் பக்கத்திலிருந்து மேஜர் ஹாலிஸ் என்கிற, கழுத்து வெயிலில் வெந்து சிவந்த நெட்டை மனுஷர், மொழிபெயர்ப்பாளனோடு வந்து, தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எங்களுடையது இல்லை. எங்களுடையது நடுவில் நிற்காது,” என்றார்.

“இதுல பெருமை வேறயா?” என்றாள் ஒர்த்தான்ஸ். மொழிபெயர்ப்பாளன் அதை மொழிபெயர்க்கவில்லை.

வடக்குக்காகச் சண்டை போடுகிறவர்கள் ஒளிந்திருந்த காட்டுப் பக்கத்திலிருந்து ஐஸ்காரன் வந்தான். சைக்கிளில் பனிக்கட்டி விற்கிறவன், ஆனால் அவன் யாருக்குத் தகவல் கொண்டுபோகிறான் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அவன் உமியைத் தட்டிவிட்டுக் கட்டியை உடைத்துக்கொண்டே, “நம்ம பக்கத்துது இல்லக்கா. நம்ம பெரிய சிநேகிதர்கள் அனுப்புற சாமான் இவ்வளவு பளபளன்னு இருக்காது,” என்றான். பெரிய சிநேகிதர்கள் என்று அவன் சொன்னது மாஸ்கோவையும் பீக்கிங்கையும்.

“யாரும் கேக்காத மாடு,” என்றாள் தியெப். “பட்டியில அடைச்சுடு. நம்ம மாடு.”

இப்படி மழைக்காலம் வந்து போனது. தியெப்பின் அப்பளத் தட்டிகள் சந்தெல்லாம் வெள்ளையாகப் படுத்திருந்தன. ஒர்த்தான்ஸின் வடவம் காயவில்லை. மழையிலும் பனியிலும் அது கெடாமலிருக்க அவள் உப்பையும் விளக்கெண்ணெயையும் கூட்டிக்கொண்டே போனாள், சாயங்காலமானால் உதிர்த்துப் பிசைந்தாள், அதன் வாடை சந்தின் வாடையாகவே ஆகிப்போனது, மேலே இருப்பது விழாமல் நிற்பதற்கு இந்த நாற்றம்தான் காரணம், மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரால் கீழே வர முடியும் என்று நாவிதர் சொன்னார். அவர் சவரக்கத்தி வைத்திருப்பவர் என்பதால் ஒர்த்தான்ஸ் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் யாரோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் வந்து, குருவிக் கூட்டோடு சேர்த்துக் குண்டைப் படம் பிடித்துக்கொண்டு போனான், அந்தப் படம் உலகமெல்லாம் அச்சானது, அவ்வளவுதான், அப்பன் பெயர் தெரியாத பிள்ளைக்கு லாட்டரி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மேஜர் ஹாலிஸ் மறுபடி வந்தார். நிற்கும்படியாகத்தான் எங்கள் விஞ்ஞானிகள் அதைச் செய்தார்கள், அது ரகசியமாக இருந்தது, இப்போது எடுத்துப்போக வேண்டும், சந்தைக் காலி செய்யுங்கள், நெடுஞ்சாலைப் பக்கம் தகரக் கூரை போட்ட வீடுகள் தயார் என்றார். ஐஸ்காரனும் மறுபடி வந்தான். அது நம்முடையதுதானாம் அக்கா, பெரிய சிநேகிதர்கள் சொல்லிவிட்டார்கள், ஆனால் இரண்டு பெரிய சிநேகிதர்களில் யாருடையது என்பதில் அவர்களுக்குள்ளேயே பேச்சுவார்த்தை இல்லை, எப்படியும் காலி செய்துவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்றான்.

ஒர்த்தான்ஸ் இருவரிடமும் ஒன்றையே கேட்டாள். “என் பையன் எங்க?”

“அது இந்நாட்டு ராணுவத்தின் விஷயம். நாங்கள் ஆலோசனை மட்டும்தான் சொல்கிறோம்,” என்றார் மேஜர்.

“அவனை வெச்சிருக்கிறது அவங்கக்கா. நம்ம சிநேகிதர்களும் நமக்கு ஆலோசனைதான் சொல்றாங்க,” என்றான் ஐஸ்காரன்.

“ஆலோசனை சொல்றவனெல்லாம் மேல நிக்கிறான், பெத்ததுங்க எல்லாம் சேத்துல நிக்குதுங்க,” என்றாள் ஒர்த்தான்ஸ். தியெப் தலையாட்டினாள். அவளுக்குத் தெரியும். அவளுடைய பெரியவன் தெற்கு ராணுவத்தில் இருந்தான், சின்னவன் காட்டில் இருந்தான், ஒரே முலையில் மாற்றி மாற்றிக் குடித்த இரண்டையும் இரண்டு ஆலோசனைக்காரர்கள் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்து எதிரெதிரே கட்டியிருந்தார்கள்.

முதலில் கிளம்பியவர் வடக்கு முனைத் தையற்காரர். கை வண்டியில் சாமான் ஏற்றி, பெண்டாட்டி பிள்ளைகளை முன்னால் விட்டு, சந்தைத் தாண்டிய கணத்தில் குண்டு மணிக்கூண்டு உயரத்திலிருந்து தென்னை உயரத்துக்கு இறங்கியது, சத்தமில்லாமல், வேலைக்காரி கூடையை இறக்குகிற மாதிரி. மறந்துபோன தையல் மிஷினின் தலையை எடுக்கத் திரும்பி வந்த தையற்காரர் நிமிர்ந்து பார்த்தார், சாமானை இறக்கத் தொடங்கினார். அது மேலே போகவில்லை, ஆனால் அதற்குக் கீழும் வரவில்லை. ஆள் காலி செய்தால் அது இறங்கும். பால்காரச் சந்தில் படிக்காதவர்களும் அன்றைக்கு அதைப் படித்துக்கொண்டார்கள்.

படித்தும் புத்தி வராதவர் லெயோன் ஒருவர்தான். ஒரு காதுக்கு அமெரிக்க வானொலி, மறு காதுக்கு ஹனோய் வானொலி என்று இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஜெயித்துக்கொண்டிருப்பதை வருஷக்கணக்காகக் கேட்டு வந்த மனுஷர், ஒரு நாள் காலையில் இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

“ஒர்த்தான்ஸ், நான் சொல்றதைக் கேளும்மா. தகர வீடானாலும் வீடு. எமில் வந்தா விசாரிச்சுக்கிட்டு வந்துடுவான்.”

“எமிலா? விசாரிச்சா? கொத்தமல்லி வாங்க அனுப்பினா புதினாவோட வந்து நிக்கிற புள்ளைங்க அது. அவனுக்குத் தெரிஞ்சது இந்தக் கதவு ஒண்ணுதான்.”

“நான் மட்டும் முன்னாடி போய்ப் பாத்துட்டு...” என்று சொல்லிக்கொண்டே லெயோன் ரிக்‌ஷாவில் ஒரு காலைத் தூக்கி வைத்தார். குண்டு தென்னை உயரத்திலிருந்து ஓட்டுக்கூரை உயரத்துக்கு வந்தது. குருவிகள் கலைந்தன.

“காலை எடுங்க,” என்றாள் ஒர்த்தான்ஸ், தரையைத் துடைக்கும்போது சொல்கிற அதே குரலில்.

லெயோன் காலை எடுத்தார். ஏற்கெனவே ஒரு துணிக்கடைக்காக ஒரு தடவை கால் மாற்றி வைத்தவர் அவர், இந்தத் தடவை மாற்றி வைக்கவில்லை, உள்ளே போய் இரண்டு ரேடியோவையும் பழைய இடத்தில் வைத்தார், திருகவில்லை. அன்றிலிருந்து சந்தில் யாரும் கிளம்பவில்லை. வெளியே வேலைக்குப் போகிறவர்கள் போகும்போது, சாயங்காலம் வந்துடறேன் என்று குண்டைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள், அது காத்திருந்தது. மேஜர் முள்கம்பியும் லாரியும் கொண்டுவந்து வடக்கு முனையில் நிறுத்தினார். தெற்கு முனையில் ஐஸ்காரர்கள் பெருகினார்கள், அத்தனை ஐஸ் வாங்க அந்தப் பேட்டையில் ஆளே கிடையாது. வலுக்கட்டாயமாக வெளியேற்றுவோம் என்று ஒலிபெருக்கி சொன்னது.

அதைக் கேட்ட அன்றுதான் ஒர்த்தான்ஸ், எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, இரண்டு முனைக்கும் நடந்துபோய் விருந்துக்குச் சொல்லிவிட்டு வந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், குண்டுக்கு அடியில் சாப்பாடு. சொந்தக்காரன் எவனோ அவன் வந்து அதற்கு நேர் கீழே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடட்டும், சாப்பிட்டுவிட்டுத் தன் சொத்தைத் தாராளமாக எடுத்துப் போகட்டும், சந்து ஒரு வார்த்தை கேட்காது, ஆனால் வருகிறவன் என் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும், தியெப்பின் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வெறுங்கையோடு விருந்துக்கு வருவது எந்த ஊர் மரியாதை?

ஞாயிற்றுக்கிழமை சந்தின் நீளத்துக்கும் பாய் விரித்தார்கள். வாழை இலை போட்டார்கள். நாவிதர் தண்ணீர் தெளித்தார், தையற்காரர் உப்பு வைத்தார், தியெப் தன் வாசலில் கல் கூட்டி, விரால்மீன் குழம்பைப் பெரிய அண்டாவில் ஏற்றியிருந்தாள். குண்டு இப்போது அவ்வளவு தாழ்வாக நின்றதால் உயரமானவர்கள் தலையைச் சாய்த்து நடந்தார்கள். அதன் நேர் கீழே தனியாகச் சில இலைகள் போட்டிருந்தது, ஒன்று மேஜருக்கு, ஒன்று ஐஸ்காரனுக்கு, மூன்று பிள்ளைகளுக்கு மூன்று. வடக்கு முனையில் மேஜர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தெற்கு முனையில் ஐஸ்காரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரோடும் பிள்ளைகள் யாரும் வரவில்லை. இருவரும் சந்துக்குள் ஓர் அடி வைக்கவில்லை.

“குழம்பு கொதி வந்துடுச்சு,” என்று தியெப் கரண்டியை நீட்டினாள். “வடவம் குடு. தாளிக்கணும்.”

“காயல,” என்றாள் ஒர்த்தான்ஸ்.

“எப்பக் காயும்?”

“காயறப்போ காயும். நெழல் விழுதில்ல? வெயில் எங்க படுது?”

தியெப் கரண்டியைக் கீழே வைத்தாள். சந்தே பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“நெழலு உன் தட்டுக்கு வருதா, உன் தட்டு நெழலுக்குப் போகுதா? ஏய், என்னைப் பாரு. காலையில உன் வாசல்ல நெழலு, தட்டு அங்க. உச்சியில நடுவுல நெழலு, தட்டு நடுவுல. மத்தியானம் என் வாசல்ல நெழலு, தட்டு என் வாசல்ல. நான் இத்தனை நாளா எடத்துக்குச் சண்டை போடறதா நெனைச்சியா? நீ அதைக் காயவிட மாட்டேங்கிற. கன்னு செத்த மாடு தோலை நக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிற.”

இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இலையைப் பார்த்தார்கள். லெயோன் எழுந்திருக்கப் பார்த்து, காலை எடுக்கச் சொன்னது ஞாபகம் வந்து, உட்கார்ந்தே இருந்தார்.

“செத்ததுன்னு சொல்லாதடி,” என்றாள் ஒர்த்தான்ஸ். குரல் அவளுடையதாக இல்லை. “காயறதுக்குள்ள வந்துடறேன்னு சொல்லியிருக்கான். காஞ்சுபோச்சுன்னா அவன் தாமதமாயிடுவான். எம் புள்ளை சொன்ன சொல் தவறினவனா ஆயிடுவான். இது ஈரமா இருக்கிற வரைக்கும் அவன் மேல தப்பில்ல.”

தியெப் குனிந்து அண்டாவுக்கு அடியில் எரிந்த விறகை வெளியே இழுத்தாள்.

“என் ரெண்டும் ஒண்ணும் சொல்லாமப் போச்சு,” என்றாள். “எனக்கு நக்கறதுக்குத் தோலும் இல்ல. நான் தெனமும் ஊத்தறேன், தெனமும் காயவைக்கிறேன். என் அப்பளம் யாருக்காகவும் ஈரமா இருந்ததில்ல. தப்பு உன் புள்ளை மேலயா? வண்டியில ஏத்தினது யாரு? சிரிச்சது யாரு? நீ ஏன் அவனுங்களுக்கு நேரம் குடுத்துக்கிட்டு இருக்க?”

ஒர்த்தான்ஸுக்குச் சட்டென்று கோபம் வந்தது, அது வந்ததும் அவள் பழையபடி ஆனாள். வெங்காயக் கண்ணீரைப் பார்த்துச் சிரித்தவன்களுக்கு, எங்களுடையது நடுவில் நிற்காது என்று பெருமையடித்தவனுக்கு, பெரிய சிநேகிதர்களை வைத்திருக்கிறவனுக்கு, ஆலோசனைக்காரர்கள் அத்தனை பேருக்கும், அவள் இத்தனை மாதமாகத் தன் கையாலேயே தவணை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, விளக்கெண்ணெய் விட்டு, பிசைந்து. மடத்துச் சகோதரிகள் பார்த்திருந்தால் விரல் மொட்டைக் குவிக்கச் சொல்லியிருப்பார்கள்.

அவள் எழுந்தாள். தட்டைத் தூக்கினாள். குண்டின் நிழலை விட்டு வெளியே போய், சந்திலேயே வெயில் நன்றாக அடிக்கிற இடமாக, அய்யாக்கண்ணின் பழைய மாட்டுத்தொட்டியின் விளிம்பில் வைத்தாள். உருண்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டாள். மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த ஈரத்தின் மேல் வெயில் பட்டதும் ஆவி கிளம்பியது, பூண்டும் வெங்காயமும் வெந்தயமும் கலந்த அந்த வாடை இரண்டு முனைக்கும் போனது, மேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டார், ஐஸ்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

“அழறான் பாரு,” என்றாள் தியெப், மேஜரைக் காட்டி. பிறகு ஐஸ்காரனையும் காட்டினாள். சந்து சிரித்தது. நாவிதர்தான் முதலில் சிரித்தார், பிறகு தையற்காரர், பிறகு பிள்ளைகள், சிரிப்பு பாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது, தலைக்கு ஒரு முழம் மேலே நின்ற குண்டு அசையவில்லை.

ஒர்த்தான்ஸ் தியெப் கீழே வைத்த இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு, குண்டுக்கு நேர் கீழே போட்டிருந்த இலைகளுக்கு நடுவே வந்து நின்றாள். நிமிர்ந்து அதன் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். மடத்துப் பள்ளியில் சாப்பாட்டு மணி அடிக்கிற மாதிரி அது கணீரென்றது. லெயோன் கண்ணை மூடிக்கொண்டார். சந்தில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அவள் இன்னொரு தட்டு தட்டினாள், இன்னும் ஓங்கி.

“நல்லாக் கேட்டுக்கோங்க,” என்று வடக்கே பார்த்துச் சொன்னாள், பிரெஞ்சில் சொன்னாள், தெற்கே திரும்பி வியத்நாமியத்தில் சொன்னாள், அப்புறம் யாருக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் தன் சொந்த மொழியில் சொன்னாள். “யாரும் இங்கேருந்து போறதா இல்ல. எலை போட்டாச்சு. அங்க வெயில்ல வெச்சிருக்கேன், இனிமே எடுத்து நெழல்ல வெக்க மாட்டேன், காயட்டும், காஞ்சா தாமதம் உங்களுது, எம் புள்ளையுது இல்ல.”

வடக்கு முனையில் மேஜர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். தெற்கு முனையில் ஐஸ் உருகி, சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மாட்டுத்தொட்டியின் மேல் முதல் உருண்டையின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது.

ஒர்த்தான்ஸ் கரண்டியை இறக்கவில்லை.

“சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். அதுக்குள்ள கொண்டாந்து விடுங்க.”